வேக் டிரெஸ்ஸிங்ல தண்ணி ஃபிலிமுக்கு அடியிலயே நிக்குது, கேனிஸ்டருக்கு வரல. எங்க பாக்கணும்?

இரவுப்பணி:

எல்லாருக்கும் வணக்கம். சர்ஜரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். வேக் டிரெஸ்ஸிங் (புண்ணுல ஃபோம் வெச்சு, மேல பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டி, புண்ணுல ஊறுற தண்ணிய மெஷின் ட்யூப் வழியா உறிஞ்சி கேனிஸ்டர்ங்கற டப்பாவுல சேக்கற டிரெஸ்ஸிங்) போட்ட பேஷண்ட்ஸ இப்பதான் கொஞ்ச நாளா பாத்துட்டு வரேன், இதுக்குன்னு தனியா ட்ரெய்னிங் எடுத்தவங்க எங்க வார்டுல யாரும் இல்ல, அதான் இங்க கேக்குறேன்.

பேஷண்ட்டுக்கு சுகர் இருக்கு. கெண்டைக்கால் பின்பக்கம் பெரிய புண், இன்ஃபெக்‌ஷன் ஆகி டிப்ரைட்மெண்ட் பண்ணி (கெட்டுப்போன சதைய வெட்டி எடுத்து), புண் கொஞ்சம் சுத்தமானதும் கறுப்பு ஃபோம் வெச்சு மெஷின் மாட்டினாங்க. உறிஞ்சற பிரஷர் மைனஸ் 125 எம்எம்எச்ஜி, நிக்காம ஓடற கன்டினியூஸ் மோட். முதல் நாள் நல்லா வந்துச்சு, 300 மில்லி கேனிஸ்டர்ல பாதிக்கு மேல நிறைஞ்சிடுச்சு. அடுத்த நாள்ல இருந்து கேனிஸ்டர்ல லெவல் ஏறவே இல்ல, ஆனா ஃபிலிமுக்கு அடியில, புண்ணுக்கு வெளிய குதிகால் பக்கமா, மஞ்சளா தண்ணி ஒரு பை மாதிரி தேங்கி நிக்குது. கை வெச்சு அழுத்தினா அங்கயும் இங்கயும் ஓடுது. அந்த எடத்துல தோல் வெளுத்துப் போச்சு. மெஷின்ல 125ன்னுதான் காட்டுது, எந்த அலாரமும் அடிக்கல, ஃபோமும் உள்ள இழுத்து சுருங்கித்தான் இருக்கு. ட்யூப்ல பாதி தூரம் வரைக்கும் தண்ணி அப்படியே நிக்குது, நகரல.

ஒருத்தர் சொல்றாங்க பிரஷர 150க்கு ஏத்திப் பாருன்னு, இன்னொருத்தர் சிரிஞ்சுல ஊசி போட்டு அந்தத் தண்ணிய எடுத்துட்டு மேல ஃபிலிம் ஒட்டிடுன்னு சொல்றாங்க. ரெண்டுமே எனக்கு சரியாப் படல, ஆனா ஏன் சரியில்லன்னு சொல்லவும் தெரியல. டிரெஸ்ஸிங் மாத்த இன்னும் ஒரு நாள் இருக்கு, அதுவரைக்கும் விடலாமா இல்ல இப்பவே டாக்டர்கிட்ட சொல்லி பிரிக்கணுமா?


டிரெஸ்ஸிங் ட்ராலி:

சிஸ்டர், உங்களுக்குப் பட்டது சரிதான், ரெண்டும் வேண்டாம். நான் காயப் பராமரிப்புலதான் ரொம்ப வருஷமா இருக்கேன், நீங்க சொல்றத வெச்சு பாத்தா நாளைக்கு வரைக்கும் விடவும் வேண்டாம், இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லி பிரிச்சு போடுங்க. தோல் வெளுக்க ஆரம்பிச்சாச்சு, இன்னும் ஒரு ராத்திரி அதுலயே ஊறினா அந்தத் தோல் உரிஞ்சு புண்ணே பெருசாயிடும், அதுக்கப்புறம் அந்த ஈரத் தோல்ல ஃபிலிம் ஒட்டவும் ஒட்டாது.

இந்த மாதிரி எப்ப வந்தாலும் நான் பாக்கறது ஒண்ணுதான், தண்ணி எந்த எடத்துல நிக்குது. அது எங்க நிக்குதோ அதுக்கு அடுத்தாப்ல இருக்கற எடத்துலதான் தடை இருக்கும். புண்ணுல ஊறுற தண்ணி ஃபோமுக்குள்ள போகணும், ஃபோம்ல இருந்து ஃபிலிம்ல வெட்டின ஓட்டை வழியா போர்ட்டுக்கு (ட்யூப்போட முனையில ஃபிலிம் மேல ஒட்டற வாய்), அங்கிருந்து ட்யூப்புக்கு, கடைசியா கேனிஸ்டருக்கு. இந்த வழில ஒரு எடத்துல அடைச்சா தண்ணி அங்கயே நிக்கும், இல்லன்னா புவியீர்ப்புல எது கீழயோ அந்தப் பக்கம் போயிடும். உங்க கேஸ்ல ஒண்ணு இல்ல, ரெண்டு எடத்துல நிக்குது, தோலுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல ஒண்ணு, ட்யூப்ல ஒண்ணு. ரெண்டும் தனித்தனி பிரச்சனையாக்கூட இருக்கலாம்.

முதல்ல அந்தப் பை. சக்‌ஷன் ஃபோம் வழியாத்தான் வேலை செய்யும். ஃபோம் இல்லாத எடத்துல ஃபிலிம் நேரா தோல்ல ஒட்டி இருந்தா அங்க தண்ணி போறதுக்கு வழியே கிடையாது, அதனாலதான் ஃபோம் நல்லா சுருங்கி இருந்தும் பக்கத்துலயே தண்ணி தேங்குது. இது எப்படி வருதுன்னா, ஃபோம புண்ண விட சின்னதா வெட்டியிருப்பாங்க, ஓரத்துல புண் ஃபோம்ல படாம ஒரு இடைவெளி இருக்கும், அங்க ஊறுற தண்ணி ஓரத்த தாண்டி வழியும். இல்லன்னா ஃபிலிம் ஒட்டும்போதே தோல் முழுசா காயாம இருந்திருக்கும், இல்ல ஒரு சுருக்கம் விழுந்திருக்கும், அந்த சுருக்கமே வாய்க்கால் ஆயிடும். பேஷண்ட் கால நீட்டி படுத்திருக்காரு, புண் பின்பக்கம், அப்ப கீழ இருக்கற எடம் குதிகால் பக்கம்தான், தண்ணி அங்கதான் போகும்.

பிரஷர ஏத்தினா என்ன ஆகும்? வழி இல்லாத தண்ணிக்கு வழி கிடைச்சிடாது, வலிதான் கூடும். சுகர் பேஷண்ட், கால்ல ரத்த ஓட்டம் எப்படியோ தெரியல, அதுல டாக்டர் சொல்லாம பிரஷர்ல கை வெக்கவே கூடாது. ஊசி போட்டா அந்த நேரத்துக்கு பை காலியாகும், கொஞ்ச நேரத்துல மறுபடி நிறையும், கூடவே ஒரு லீக்கும், கிருமி உள்ள போக ஒரு வழியும் வந்திருக்கும்.

பிரிச்சதும் இத கவனிங்க. ஃபிலிம்ல போர்ட்டுக்கு அடியில வெட்டின ஓட்டை எவ்ளோ பெருசு இருக்குன்னு பாருங்க. சுமார் 2.5 செ.மீ. அகலத்துக்கு வட்டமா வெட்டி அந்தத் துண்ட எடுத்துடணும். நிறைய பேர் பிளேடால ஒரு கீறல் மட்டும் போட்டு மேல போர்ட்ட ஒட்டிடறாங்க. ஃபிலிம் சக்‌ஷன்ல இழுபட்டா அந்தக் கீறல் தானா மூடிக்கும், முதல் நாள் ஓடும், கட்டியா சளி மாதிரி ஏதாவது வந்ததும் அடைச்சுக்கும். நீங்க சொல்ற மாதிரி முதல் நாள் நல்லா ஓடிட்டு அப்புறம் நின்னா எனக்கு முதல்ல சந்தேகம் வர்றது இங்கதான்.

அப்புறம் தோல். நல்லா துடைச்சு, ஒத்தி எடுத்து, முழுசா காய விடுங்க. தோல ஈரத்துல இருந்து காக்கற பேரியர் ஃபிலிம் ஸ்ப்ரேவோ வைப்போ இருந்தா போட்டு அதையும் காய விடணும், ஈரத்தோட மேல ஒட்டினா அது போட்டும் பிரயோஜனம் இல்ல. புண்ண சுத்தி நாலு பக்கமும் ஃபிலிம் பட்டை ஒட்டி ஜன்னல் ஃப்ரேம் மாதிரி பண்ணிடுங்க, ஏற்கனவே வெளுத்த எடத்துல ஹைட்ரோகொலாய்டு (ஜெல் மாதிரி ஒட்டற டிரெஸ்ஸிங்) பட்டை வெச்சா இன்னும் நல்லது. ஃபோம் புண்ணோட ஓரம் வரைக்கும் நிறையணும், ஆனா நல்ல தோல் மேல ஏறக்கூடாது, ஏறினா அந்த எடமும் ஊறிடும். ஃபோம திணிக்கவும் கூடாது, மெதுவா வைங்க. எத்தனை துண்டு வெச்சோம்னு ஃபிலிம் மேலயும் கேஸ் ஷீட்லயும் எழுதிடுங்க.

போர்ட் இப்ப கெண்டைக்கு நேர் அடியில இருந்தா அவர் படுக்கும்போது கால் வெயிட் முழுக்க அது மேலதான், அழுந்தி அடைக்கும், அங்க புதுசா ஒரு புண்ணும் வரும். பிரிட்ஜ் பண்ணிடுங்க. புண்ணுல இருந்து காலோட வெளிப்பக்கம் வரைக்கும் தோல் மேல முதல்ல ஃபிலிம் ஒட்டி, அது மேல ஒரு பட்டை ஃபோம், அது புண்ணுல இருக்கற ஃபோம தொட்டுக்கிட்டே இருக்கணும், அந்தப் பட்டையோட முனையில போர்ட். தோல் மேல நேரா ஃபோம் படக்கூடாதுங்கறத மட்டும் மறந்துடாதீங்க.


பம்ப்புப்பக்கம்:

நான் பயோமெடிக்கல்ல இருக்கேன், புண்ணப் பத்தி அக்கா சொன்னதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது, மெஷின் பக்கம் மட்டும் சொல்றேன்.

ஸ்கிரீன்ல 125ன்னு இருக்கறத வெச்சு புண்ணுல 125 இருக்குன்னு நினைக்காதீங்க. சில மெஷின்ல ட்யூப்புக்குள்ளயே தனியா ஒரு சின்ன வழி புண் வரைக்கும் போகும், அதுல பிரஷர் எவ்ளோன்னு அளக்கும். நிறைய மெஷின்ல அது கிடையாது, சென்சார் பம்ப் பக்கத்துலதான் இருக்கும், அது பாக்கறது கேனிஸ்டர் பக்கத்து பிரஷர மட்டும். ட்யூப்ல நடுவுல அடைச்சிருந்தாலும் அதுக்கு அது 125தான். உங்களுது எந்த வகைன்னு தெரியலன்னா டாக்டர்கிட்டயோ சீனியர்கிட்டயோ சொல்லிட்டு ட்யூப்ல இருக்கற கிளாம்ப ஒரு நிமிஷம் மூடிப் பாருங்க, அப்பவும் ஸ்கிரீன் அப்படியே 125 காட்டினா அந்த நம்பர் எவ்ளோ தூரம் நம்பலாம்னு புரிஞ்சிடும். கிளாம்ப திரும்பத் திறந்தத ரெண்டு தடவ பாத்துக்குங்க.

ரெண்டாவது உயரம். ட்யூப்ல தண்ணி நிறைஞ்சு நின்னா அந்தத் தண்ணியோட வெயிட்ட தூக்கறதுக்கே கொஞ்சம் பிரஷர் செலவாகும். கணக்கு இதுதான், தண்ணி 13.6 செ.மீ. உயரத்துக்கு நின்னா 10 எம்எம்எச்ஜி போச்சு. மெஷின பெட் தலமாட்டுல இருக்கற ஸ்டாண்டுல மாட்டியிருந்தா, புண்ணுல இருந்து 40 செ.மீ. மேலன்னு வெச்சுக்குங்க, ட்யூப் முழுக்க தண்ணி நின்னா கிட்டத்தட்ட 30 எம்எம்எச்ஜி குறையும், புண்ணுக்கு கிடைக்கறது 95 சொச்சம்தான். அதனால கேனிஸ்டர் எப்பவும் புண்ணுக்கு கீழயோ இல்ல அதே மட்டத்துலயோ இருக்கணும். பெட் ரெயில்ல கீழ் கம்பில மாட்டுங்க. ட்யூப் நடுவுல தொங்கி வளைஞ்சு கிடந்தாலும் அந்த வளைவுல தண்ணி உக்காந்துக்கும், நகராது, மிச்ச ட்யூப்ப பெட் மேலயே தட்டையா சுத்தி வெச்சிடுங்க.

இன்னொண்ணு, ட்யூப்ல தண்ணி ஓட கொஞ்சமாவது காத்து நகரணும். சீல் ரொம்ப நல்லா இருந்து புண்ணுல புதுசா தண்ணியும் ஊறலன்னா ட்யூப்ல இருக்கறது அப்படியே நிக்கும், அது மட்டும் இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. சில கம்பெனி மெஷின்ல இதுக்குன்னே போர்ட் பக்கத்துல துளியூண்டு காத்து உள்ள வர்ற மாதிரி வழி வெச்சிருப்பாங்க. உங்களுக்கு பையும் சேர்ந்து இருக்கறதால அப்படி விட முடியாது.

கேனிஸ்டர் பத்தியும் சொல்லிடுறேன், வார்டுல இருந்து அடிக்கடி வர்ற கம்ப்ளைண்ட் இது. கேனிஸ்டர்ல பம்ப் பக்கத்துல தண்ணி ஒட்டாத ஒரு ஃபில்டர் இருக்கும், காத்த விடும் தண்ணிய விடாது, பம்புக்குள்ள தண்ணி போயிடக்கூடாதுன்னு. நிறைய மெஷின் கேனிஸ்டர் ஃபுல்லுன்னு சொல்றது தண்ணி அளவ பாத்து இல்ல, அந்த ஃபில்டர் நனைஞ்சு காத்து போகலன்னா ஃபுல்லுன்னு அலாரம் அடிக்கும். மெஷின படுக்க வெச்சாலோ சாய்ச்சாலோ பாதி கேனிஸ்டர்லயே ஃபில்டர் நனைஞ்சிடும். உள்ள தண்ணிய ஜெல்லாக்கற பவுடர் இருக்கறது சிந்தாம இருக்கத்தான், அத நம்பி சாய்க்கலாம்னு இல்ல. அலாரம் வந்தா புதுசு மாட்டணும், பழசத் திறந்து கொட்டிட்டு திரும்ப மாட்டறத தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. ஃபில்டர் நனைஞ்சது நனைஞ்சதுதான், தொத்துக்கும் வழி.


இரவுப்பணி:

அக்கா, சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர்கிட்ட சொன்னேன், வந்து பாத்துட்டு உடனே பிரிக்கச் சொல்லிட்டாரு, நானும் கூட இருந்தேன்.

அக்கா சொன்னதேதான், ஃபிலிம்ல ஒரு கீறல் மட்டும்தான் இருந்துச்சு, அதுல கட்டியா மஞ்சள் படலம் ஒண்ணு அடைச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கீழ்ப்பக்கம் ஃபோம் ஓரம் வரைக்கும் வரல, ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. தோல் சுருங்கி வெளுத்திருந்துச்சு ஆனா உரியல. புண் உள்ள நல்லாத்தான் செவப்பா இருக்குன்னாரு. வெளிப்பக்கமா பிரிட்ஜ் பண்ணி, ஸ்டாண்டுல இருந்த மெஷினயும் கீழ் ரெயிலுக்கு மாத்தியாச்சு. போட்ட உடனே ட்யூப்ல தண்ணி ஓட ஆரம்பிச்சிடுச்சு.

இப்ப எனக்கு வேற பயம். வேகமா வருது, ஒரு மணி நேரத்துலயே 60 மில்லி. இளஞ்சிவப்பு கலர். இது தேங்கி இருந்ததுதான் வருதா இல்ல வேற ஏதாவதா? எவ்ளோ வந்தா சொல்லணும்?


சர்ஜரி பிஜி:

சிஸ்டர், அளவவிட முதல்ல கலர பாருங்க. மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிறின சிவப்பு இதெல்லாம் ஓகே, அதுவும் இப்பதான் டிரெஸ்ஸிங் பிரிச்சு சுத்தம் பண்ணியிருக்கீங்க, முதல் கொஞ்ச நேரம் கொஞ்சம் சிவப்பா வர்றது சகஜம், வர வர வெளுக்கணும். வெளுக்காம கெட்டியா, பளிச்சுன்னு சிவப்பா ட்யூப்ல ரத்தமாவே வந்தாலோ, கேனிஸ்டர் திடீர்னு ஏறினாலோ யோசிக்கவே வேண்டாம், மெஷின நிறுத்துங்க, டிரெஸ்ஸிங்க பிடுங்காதீங்க, மேல நேரா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு டாக்டர கூப்பிடுங்க. மெஷின் ஓடிட்டே இருந்தா அது ரத்தத்த உறிஞ்சிட்டேதான் இருக்கும், அதுக்கு தண்ணி எது ரத்தம் எதுன்னு தெரியாது. அவருக்கு ஹெப்பரின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மருந்து ஏதாவது போகுதான்னு சார்ட்ட இப்பவே பாத்து வெச்சிக்குங்க.

இது சும்மா பயமுறுத்தறதுக்கு சொல்லல. அமெரிக்காவுல மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கற எஃப்டிஏ 2009ல இந்த மெஷின்களப் பத்தி எச்சரிக்கை விட்டாங்க, 2011ல அத புதுப்பிச்சப்ப அவங்களுக்கு வந்த ரிப்போர்ட்ல மொத்தம் 12 மரணம், 174 பேருக்கு பாதிப்பு. ரத்தப்போக்குதான் அதுல ரொம்ப சீரியஸானது, ஃபோம் துண்டு உள்ளயே தங்கி இன்ஃபெக்‌ஷன் ஆனதும் உண்டு. மரணம் நிறைய வீட்டுலயும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துலயும்தான் நடந்திருக்கு, அதாவது பக்கத்துல பாக்க ஆள் இல்லாத எடத்துல.

அளவுக்கு, இந்த நம்பருக்கு மேலன்னு எல்லாருக்கும் ஒரே கோடு போட முடியாது, புண்ணோட சைஸ் இருக்கு. நான் சொல்றது, மணிக்கு மணி எழுதுங்க. கேனிஸ்டர் மேல ஒரு பிளாஸ்டர் ஒட்டி அதுல லெவலுக்கு நேரா கோடு போட்டு டைம் எழுதிட்டா அடுத்த டியூட்டிக்கு வர்றவங்களுக்கும் ஒரே பார்வையில தெரியும். தேங்கி இருந்ததும் கழுவின சலைனும் சேர்ந்து முதல்ல வேகமா வரும், அடுத்தடுத்த மணி குறைஞ்சுட்டே போகணும். குறையலன்னா கூப்பிடுங்க. அது இன்புட் அவுட்புட் சார்ட்லயும் ஏறணும், நிறைய பேர் யூரின் மட்டும் எழுதிட்டு கேனிஸ்டர விட்டுடறாங்க. பெரிய புண்ணுல, வயிறு திறந்து வெச்ச கேஸ்ல எல்லாம் இதுல போற தண்ணியும் புரோட்டீனும் கொஞ்சநஞ்சமில்ல. குழந்தைகளுக்கும் வயசானவங்களுக்கும் இன்னும் கவனம்.

இன்னொண்ணு, ஏதாவது காரணத்துக்கு மெஷின் நின்னு போச்சுன்னா, 24 மணி நேரத்துல மொத்தமா 2 மணி நேரத்துக்கு மேல ஆஃப்ல இருந்தா அந்த ஃபோம அப்படியே விடக்கூடாது, பிரிச்சு கழுவி வேற போடணும். உறிஞ்சல் இல்லாத ஃபோம் மூடின ஃபிலிமுக்குள்ள கிருமி வளர்ற ஈர ஸ்பாஞ்சுதான். ஸ்கேனுக்கு அனுப்பும்போது கழட்டி விட்டுட்டு திரும்ப மாட்ட மறந்துடறது ரொம்ப நடக்கும்.


வீட்ல பாத்துக்கறவ:

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்குங்க, நான் நர்ஸ் இல்ல. எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் தையல் மேல சின்ன மெஷின் ஒண்ணு போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அதுல கேனிஸ்டரே கிடையாது, பாக்கெட்ல வெக்கற சைஸ்ல பேட்டரி பம்ப். தண்ணி எங்க போகுதுன்னே எனக்கு புரியல. டிரெஸ்ஸிங் நடுவுல கலர் மாறியிருக்கு. ஓரம் தூக்குதேன்னு மேல பெரிய பிளாஸ்டர் ஒண்ணு ஒட்டலாம்னு இருக்கேன், சரியா?


டிரெஸ்ஸிங் ட்ராலி:

கேட்டது நல்லதாப் போச்சும்மா, டிரெஸ்ஸிங் முழுக்க மூடற மாதிரி பிளாஸ்டர் ஒட்டிடாதீங்க. கேனிஸ்டர் இல்லாத வகையில டிரெஸ்ஸிங்தான் கேனிஸ்டர். உள்ள உறிஞ்சற லேயர் ஒண்ணு இருக்கும், தண்ணி அதுல பரவி, மேல இருக்கற ஃபிலிம் வழியா ஆவியா வெளிய போயிடும், பெரும்பகுதி அப்படித்தான் போகும், உள்ள தங்கறது கொஞ்சம்தான். மேல பிளாஸ்டர் ஒட்டினா ஆவி போற வழி அடைச்சிடும், டிரெஸ்ஸிங் சீக்கிரம் நிறைஞ்சிடும். ஓரம் மட்டும் தூக்கினா கூட வந்த ஃபிக்ஸேஷன் பட்டைய ஓரத்துல மட்டும் ஒட்டுங்க, நடுவுல படாம.

ட்யூப் வர்ற போர்ட் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. அம்மா உக்காரும்போதும் படுக்கும்போதும் அது தையல விட மேல் பக்கமா இருக்கணும், கீழ இருந்தா தண்ணி எல்லாம் அங்க வந்து சேர்ந்து ஓட்டைய அடைச்சிடும். மேல பெரிய டிரெஸ்ஸிங்குக்கு சொன்னதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, குழப்பிக்காதீங்க, அங்க கேனிஸ்டர் தண்ணிய இழுத்து வாங்கிக்கும், இங்க தண்ணி போர்ட்டுக்கு வரவே கூடாது. இந்த வகை பெரும்பாலும் மைனஸ் 80ல ஓடும், பம்ப் வகையப் பொறுத்து 7 இல்ல 14 நாள்ல தானா நின்னுடும், அதுக்குள்ள டிரெஸ்ஸிங் நிறைஞ்சா டிரெஸ்ஸிங்க மட்டும் மாத்துவாங்க. உங்களுக்கு குடுத்த பேப்பர்ல இருக்கறதையும் ஒருதடவ பாத்துக்குங்க.

கலர் மாறினது மட்டும்னா பரவால்ல. கறை போர்ட் வரைக்கும் வந்துட்டாலோ, டிரெஸ்ஸிங் உப்பி கனமா தொங்கினாலோ, ஓரத்துல ஈரம் கசிஞ்சாலோ மாத்தணும், ஆபரேஷன் பண்ண எடத்துக்கு ஃபோன் போட்டு சொல்லுங்க. காய்ச்சல், கெட்ட வாடை, சுத்தி சிவந்து சூடா இருக்கறது, இல்ல பளிச்சுன்னு ரத்தம், இதுல எது வந்தாலும் ஃபோன் பண்ணிட்டு காத்திருக்காம கூட்டிட்டுப் போயிடுங்க.


இரவுப்பணி:

காலைல டியூட்டி முடிச்சு எழுதுறேன். ரெண்டாவது மணி 25 மில்லி, அப்புறம் மணிக்கு 10க்கும் கீழ வந்துடுச்சு, கலரும் மஞ்சளாயிடுச்சு. சார்ட்ல பாத்தேன், ஆஸ்பிரின் போகுது, அத டாக்டர்கிட்டயும் அடுத்த டியூட்டி சிஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். குதிகால் பக்கம் ஃபிலிம் தோல்ல பதிஞ்சு காஞ்சிருக்கு. ட்யூப்ல பிரிட்ஜ் பக்கம் மட்டும் கொஞ்சம் தண்ணி நிக்குது, பம்ப் சத்தம் சீரா இருக்கு, பை எதுவும் இல்ல, அதனால அத அப்படியே விட்டிருக்கேன்.


பம்ப்புப்பக்கம்:

விடலாம் சிஸ்டர். அவர் கால தூக்கி வெக்கறப்ப அது நகருதான்னு மட்டும் அடுத்த டியூட்டில பாக்கச் சொல்லுங்க. நகர்ந்தா வழி திறந்துதான் இருக்கு.